கடை வெளிச்சம் வீட்டுக்கு எதற்கு?

என் மாமா மதுரையில் இருக்கிறார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சினிமா என்றால் அவருக்கு உயிர்.

ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஓ.எல்.இ.டி. டெலிவிஷன் பெட்டி ஒன்று வாங்கினார். விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்!

பெட்டி வந்தது. சுவரில் மாட்டினார்கள். குடும்பமே எதிரில் உட்கார்ந்தது. மாமா, பழைய சிவாஜி படம் ஒன்றைப் போட்டார்.

பத்து நிமிடம் ஆயிற்று. மாமாவின் முகம் சுருங்கி விட்டது. உடனே எனக்குப் போன் செய்தார்.

"என்னடா இது? சினிமா மாதிரியே இல்லையே! கல்யாண வீட்டு வீடியோ மாதிரி அல்லவா இருக்கிறது? ஆள் வழுக்கிக் கொண்டு நடக்கிறான். பணத்தைத் தண்ணீரில் போட்டு விட்டேனா?"

பின்னால் இருந்து பேரனின் குரல் கேட்டது. "தாத்தா, கேமும் சரியில்லை என்று மாமாவிடம் சொல்லுங்கள். பட்டனை அமுக்கினால் ஆள் லேட்டாகத்தான் உதைக்கிறான்!"

கடைக்குப் போன் செய்தாராம். "பெட்டியில் கோளாறு இல்லை. எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி விட்டார்களாம்.

அடுத்த வாரம் நான் மதுரை போனேன். பெட்டியில் கோளாறு இல்லை என்பது உண்மைதான். ஆனால் "எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்பது உண்மை அல்ல. ரிமோட்டை எடுத்து அரை மணி நேரம் செலவிட்டேன். அவ்வளவுதான்!

பேசும் பெட்டி, பேசாத பெட்டி

டெலிவிஷன் கடைக்குப் போயிருப்பீர்கள். சுவர் முழுவதும் பெட்டிகள். மேலே கண்ணைப் பறிக்கும் விளக்குகள். அந்த வெளிச்சத்தில் "என்னைப் பார், என்னைப் பார்" என்று ஒவ்வொரு பெட்டியும் கூப்பிட வேண்டும். கூப்பிடாத பெட்டி விலை போகாது.

அதனால் நிறத்தைக் கூட்டுகிறார்கள். வெள்ளையில் நீலம் கலக்கிறார்கள். கோடுகளைக் கூராக்குகிறார்கள். இந்த நிலைக்கு 'விவிட்' என்று பெயர். பச்சை, கிளிப் பச்சையாக இருக்கும். நடிகையின் சேலை எரியும்.

அந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வருகிறது. இங்கே ஒரு டியூப் லைட். இரவில் அதையும் அணைத்து விடுகிறோம். பெட்டி மட்டும் கடையில் கத்திய அதே குரலில் கத்திக் கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு என்று 'ஸ்டாண்டர்ட்' நிலை இருக்கிறதே என்பீர்கள். அது கொஞ்சம் தேவலை. ஆனால் நான் கீழே சொல்லப் போகும் வழுக்கல் அதிலும் பெரும்பாலும் உண்டு.

கறுப்புக்குத்தான் காசு

ஓ.எல்.இ.டி. பெட்டிக்கு ஏன் இத்தனை விலை?

சாதாரண எல்.இ.டி. பெட்டியில் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. இருட்டைக் காட்ட வேண்டும் என்றால், விளக்கின் முன்னால் உள்ள சின்னஞ்சிறு கதவுகள் மூடிக் கொள்ளும். எவ்வளவு மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் அமாவாசை வானம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

ஓ.எல்.இ.டி.யில் பின் விளக்கு கிடையாது. 4கே திரையில் 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். இருட்டு வேண்டும் என்றால் அந்தப் புள்ளி அணைந்து விடும். அணைந்த இடம் கன்னங்கரேல் என்று இருக்கும்.

அமெரிக்காவில் கோடக் கம்பெனியில் வேலை பார்த்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற 2 விஞ்ஞானிகள், இதற்கு வழி கோலிய ஆராய்ச்சியை 1987-ம் ஆண்டு வெளியிட்டார்கள். சோனி கம்பெனியின் முதல் ஓ.எல்.இ.டி. டெலிவிஷன் 2007-ல் விற்பனைக்கு வந்தது. திரையின் அகலம் கோணத்துக்குக் கோணம் 11 அங்குலம்தான்! இன்று 55 அங்குலம் நடுத்தர வீட்டுக் கூடத்துக்கு வந்து விட்டது.

ஆகவே, நாம் காசு கொடுப்பது இந்தக் கறுப்புக்கும், கறுப்பில் இருந்து மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறும் சாயல்களுக்கும்தான். 'விவிட்' நிலையில் அந்தச் சாயல்கள் அடிபட்டுப் போகின்றன. பட்டுச் சேலை வாங்கி, அதன் மேல் சுண்ணாம்பு அடிப்பது போல!

வழுக்கல் எங்கே இருந்து வந்தது?

மாமாவின் முதல் புகாருக்கு வருகிறேன்.

சினிமா என்பது ஒரு விநாடிக்கு 24 படங்கள். பேசும் படம் வந்த காலத்தில் இருந்து இதுதான் கணக்கு. அந்த 24-க்குள் ஒரு மெல்லிய துடிப்பு இருக்கிறது. நம் கண் அதற்குப் பழகி இருக்கிறது. அதைத்தான் "சினிமா மாதிரி" என்கிறோம்.

புதிய டெலிவிஷன் பெட்டி என்ன செய்கிறது? முதல் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து, புதுப் படங்களை வரைந்து செருகி விடுகிறது! காமிரா எடுக்காத படம். டைரக்டர் பார்க்காத படம். அதனால்தான் சிவாஜி வழுக்கிக் கொண்டு நடந்தார்.

ஒரு கம்பெனி இதை 'ட்ரூ மோஷன்' என்கிறது. இன்னொன்று 'மோஷன் ஃப்ளோ' என்கிறது. மற்றொன்று 'பிக்சர் கிளாரிட்டி' என்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இது மாமாவுக்கு மட்டும் வந்த எரிச்சல் அல்ல. ஆலிவுட் நடிகர் டாம் குரூசும், டைரக்டர் கிறிஸ்டபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் ஒரு வீடியோவே எடுத்து வெளியிட்டார்கள். "சினிமா பார்க்கும்போது இதை அணைத்து விடுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு, 2019-ல், டெலிவிஷன் கம்பெனிகளும் சினிமா கம்பெனிகளும் சேர்ந்த ஒரு சங்கம், 'பிலிம் மேக்கர் மோட்' என்ற நிலையை அறிவித்தது. மார்ட்டின் ஸ்கார்சசி, கிறிஸ்டபர் நோலன் போன்ற டைரக்டர்கள் அதை ஆதரித்தார்கள். அதைத் தேர்ந்து எடுத்தால் வழுக்கல் நிற்கும். செயற்கைக் கூர்மை போகும். நிறம் அளவோடு நிற்கும்.

உங்கள் பெட்டியில் அந்தப் பெயர் இல்லையா? கவலை வேண்டாம். 'சினிமா', 'மூவி', 'புரொபஷனல்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை வைத்துக் கொண்டு, மேலே சொன்ன மோஷன் சமாசாரத்தை மட்டும் தேடிப் பிடித்து அணையுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓ.எல்.இ.டி. புள்ளிகள் கண நேரத்தில் மாறக் கூடியவை. அதனால் காமிரா பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பும்போது, 24 படக் கணக்கு கொஞ்சம் உதறலாகத் தெரியும். சிலருக்குக் கண் வலிக்கும். அவர்கள் முழுவதும் அணைக்காமல், மிகக் குறைந்த அளவில் வைத்துக் கொள்ளலாம். கிரிக்கெட்டுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. பந்து வழுக்கினால் யாருக்கு என்ன?

"முகம் மஞ்சளாக இருக்கிறதே!"

சினிமா நிலைக்கு மாற்றியதும் அத்தை பதறி விட்டார். "என்னப்பா, படம் பழுப்பாகி விட்டதே! எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கிறது."

டெலிவிஷனுக்குப் படம் தயார் செய்கிறவர்கள், வெள்ளைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தின் வெள்ளை. 6,500 கெல்வின் என்பது அதன் கணக்கு. பெட்டியில் 'வார்ம்' என்று இருப்பது அந்த அளவுக்கு அருகில் வரும். 'கூல்' என்பது நீலம் ஏறிய வெள்ளை. சொட்டு நீலம் போட்ட வேட்டி போல!

இத்தனை நாள் நீலத்தைப் பார்த்த கண்ணுக்குச் சரியான வெள்ளை மஞ்சளாகத் தெரியும். ஒரு வாரம் பொறுங்கள் என்று அத்தையிடம் சொன்னேன்.

இன்னொரு குழப்பம், 'பிரைட்னெஸ்'. சில பெட்டிகளில் அது திரையின் வெளிச்சத்தைக் கூட்டும். வேறு சில பெட்டிகளில் அது கறுப்பின் அளவை மாற்றும். அதைக் கூட்டினால் வெளிச்சம் ஏறாது. கறுப்பு வெளுத்து விடும்! அந்தப் பெட்டிகளில் வெளிச்சத்துக்குத் தனியாக 'ஓ.எல்.இ.டி. பிரைட்னெஸ்' என்று ஒன்று இருக்கும். பகலில் கூட்டவும் இரவில் குறைக்கவும் வேண்டியது அதைத்தான்.

'எச்.டி.ஆர்.' என்ற முறையில் வரும் புதுப் படங்களில் தீயும் வெயிலும் கூடுதல் பிரகாசத்தோடு தெரியும். அந்தப் படம் ஓடும்போது பெட்டி தானாக வேறு கணக்குக்கு மாறி விடும். நீங்கள் முன்பு செய்த மாற்றம் அங்கே செல்லாமல் போகலாம். எச்.டி.ஆர். படம் ஓடும்போதே இன்னொரு தடவை சரி பார்க்க வேண்டும். இது தெரியாமல் பலர் "சரி செய்தும் பயன் இல்லை" என்கிறார்கள்.

பேரனின் வழக்கு

பேரனின் புகாருக்கும் காரணம் அதே ஊக வேலைதான். பெட்டி படத்தை வாங்கி, திருத்தி, புதுப் படம் வரைந்து, பிறகு காட்டுகிறது. சினிமா பார்ப்பவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. கேம் ஆடுகிறவனுக்குத் தெரியும். அவன் பட்டனை அமுக்கிய பிறகு அல்லவா திரையில் கால் தூக்க வேண்டும்?

'கேம்' நிலைக்கு மாற்றினால், பெட்டி இந்தத் திருத்தல் வேலைகளை ஒதுக்கி விடும். நல்ல ஓ.எல்.இ.டி. பெட்டிகளில் தாமதம் ஒரு விநாடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்து விடுகிறது. புதிய பெட்டிகளும் புதிய கேம் கருவிகளும் தங்களுக்குள் பேசிக் கொண்டு, தாமாகவே இந்த நிலைக்கு மாறுவதும் உண்டு. எச்.டி.எம்.ஐ. 2.1 என்ற இணைப்பு முறையோடு 2017-ல் வந்த வசதி இது. மாமா வீட்டில் அந்த வசதியை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

கேம் நிலையிலும் நிறம் நீலமாகவே வரும். அங்கேயும் 'வார்ம்' வைத்து விடுங்கள். பிளேஸ்டேஷன் 5-ல் எச்.டி.ஆர். அளவைச் சரி செய்ய ஒரு பக்கம் இருக்கிறது. திரையில் தெரியும் அடையாளம் மறையும் தறுவாய் வரை பட்டனை அமுக்க வேண்டும். பேரன் இதை 2 நிமிடத்தில் செய்து விட்டான்.

யார் மேல் பழி?

2019 ஏப்ரல் 28-ந் தேதி, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் ஓர் இரவுப் போர் காட்டப்பட்டது. "இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை" என்று உலகம் முழுவதும் கூச்சல். ஒளிப்பதிவு செய்த பேபியன் வாக்னர், பலருக்குத் தங்கள் டெலிவிஷனைச் சரியாக வைத்துக் கொள்ளத் தெரியவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார்.

எனக்கு இது சம்மதம் இல்லை. பார்ப்பவர் மேல் பழி போடுவது நியாயமா? என் மாமா இயந்திரம் படித்தவர் அல்ல. ஆயுள் முழுவதும் உழைத்த பணத்தைக் கொடுத்துப் பெட்டி வாங்கினார். 'மோஷன்' எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று 4 கதவைத் திறந்து தேட வேண்டியது அவர் வேலையா?

பெட்டியை முதல் நாள் போடும்போது எத்தனையோ கேள்வி கேட்கிறது. என்ன பாஷை? எந்த ஊர்? வை-பை பாஸ்வேர்டு என்ன? அதோடு, "சினிமா பார்ப்பீர்களா, கேம் ஆடுவீர்களா, சீரியல் பார்ப்பீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? அதுவும் தமிழில் கேட்டால் என்ன? கடைப் பையன் சுவரில் ஆணி அடிக்க வருகிறானே, அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினால் என்ன குறைந்து விடும்?

"என் காசு, என் கண். எனக்குப் பளபளப்புதான் பிடிக்கும்" என்று ஒருவர் சொல்லலாம். தாராளமாக! இரண்டையும் பார்த்து விட்டுச் சொல்லட்டும். ஒன்றை மட்டும் காட்டி விட்டு, "மக்கள் கேட்பது இதுதான்" என்று கம்பெனிகள் சொல்லக் கூடாது.

சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள்

ஓ.எல்.இ.டி. புள்ளி எரிய எரியத் தேயும். எல்லாப் புள்ளியும் ஒன்றாகத் தேய்ந்தால் தெரியாது. ஒரே இடம் அதிகம் தேய்ந்தால், அங்கே தழும்பு விழும். செய்தி சேனலின் முத்திரையும் அடியில் ஓடும் பட்டையும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றால், ஆண்டுகள் போகப் போக ஆபத்துதான். கேமில் ஓரத்தில் நிற்கும் மதிப்பெண் கட்டமும் அப்படியே.

காலை முதல் இரவு வரை செய்தி ஓடும் வீடு என்றால், ஓ.எல்.இ.டி. வாங்காமல் இருப்பதே நல்லது என்பேன். வாங்கி விட்டால், செய்திக்கு வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள்.

இன்னொன்று. சில மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டால் அணைத்தால், பெட்டி தன் புள்ளிகளைத் தானே சரி பார்த்துக் கொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்கள் படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சையும் அணைத்து விடுவார்கள். சிக்கனம்தான். ஆனால் பெட்டி தன்னைக் கவனித்துக் கொள்ள முடியாமல் போகிறது. இடி, மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும். மற்ற நாள் விட்டு விடுங்கள்.

மாமாவுக்கு இது மட்டும் மனம் ஒப்பவில்லை. 40 ஆண்டுப் பழக்கம் அல்லவா? இப்போது சுவிட்சின் மேல் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்று இரவு விளக்கை அணைத்து விட்டு, அதே சிவாஜி படத்தை மறுபடி போட்டோம். மாமா ஒன்றும் பேசவில்லை. இடைவேளை வரை எழுந்திருக்கவும் இல்லை.

அத்தைக்கு ஒரு வாரம் அல்ல, ஒரு மாதம் ஆகியும் மனம் மாறவில்லை. "சினிமாவை எப்படி வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளுங்கள். என் சீரியல் பழையபடி பளிச்சென்று இருக்கட்டும்" என்று சொல்லி விட்டார். நல்ல வேளையாக அந்தப் பெட்டியில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி நிலை வைக்கலாம். கேபிள் வரும் பக்கத்தை மட்டும் பழையபடி மாற்றிக் கொடுத்து விட்டு வந்தேன்.