ஹெட்மாஸ்டர் கூப்பிட்டால் போக வேண்டியதுதானே?

"சார், இன்னைக்கு ஷிப்மென்ட்டுங்க. கான்ட்ராக்டர் விட மாட்டாரு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு அப்படியே வந்துடறேனுங்க சார்."

திருப்பூர் வட்டாரத்தில் எந்த ஹெட்மாஸ்டரைக் கேட்டாலும் இந்தப் பதிலை வரி மாறாமல் ஒப்பிப்பார். பையன் வகுப்பில் இன்னொருவனின் மூக்கை உடைத்திருப்பான். அந்த வீடியோ வாட்சப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவார். அம்மா செக்கிங்கில் இருப்பார். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. சனிக்கிழமை வரும், சம்பளமும் வரும். அப்பா மட்டும் வர மாட்டார்.

இதே அப்பா ஊரில் நோம்பி என்றால் நாலு நாள் லீவு போடுகிறார். கான்ட்ராக்டர் கத்தினாலும் பஸ் ஏறிவிடுகிறார். தீபாவளிக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் திரும்புகிறார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் கேட்டால்தான் கம்பெனி மூழ்கிவிடுகிறதாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வரும் பிழைப்பு எனக்கும் தெரியும். வாடகைக்கும் சீட்டுக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

"பையன் அடிச்சா பையன் மேலதான கேஸு? மைனர்தான? நம்மளை என்ன பண்ணிடுவாங்க?" பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே இப்படிச் சட்டம் பேசுகிறவர்கள் நம்மில் நிறைய. பேச்சில் பாதி சரி. பையன் செய்த அடிதடிக்காக அப்பனை நேராக ஜெயிலில் போடும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. 7 வயது நிரம்பாத குழந்தை என்ன செய்தாலும் குற்றமாகாது. 12 வரைக்கும், விவரம் தெரிந்துதான் செய்தானா என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் 18 வரை இளைஞர் நீதிக் குழுமம். 16 நிரம்பியவன் கொலை மாதிரி கொடுங்குற்றம் செய்திருந்தால், பெரியவனாகவே கருதி விசாரிக்கவும் வழி உண்டு.

மீதிப் பாதியைத்தான் யாரும் படிப்பதில்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 18ஆம் பிரிவு, குழுமம் என்னென்ன உத்தரவு போடலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. அபராதத்தைப் பையன் கட்டட்டும் என்றோ, அவனைப் பெற்றவர்கள் கட்டட்டும் என்றோ சொல்லலாம். பெற்றோரையும் உட்கார வைத்துக் கவுன்சிலிங் கொடுக்கலாம். நன்னடத்தையின் பேரில் பையனை வீட்டுக்கு அனுப்புவதானால், "இவன் ஒழுங்காக இருப்பான், அதற்கு நான் பொறுப்பு" என்று நீங்கள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் வரைக்கும் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். கையெழுத்தைப் போட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல ஒன்றரை ஷிப்ட் ஓட்டப் போகிறவர்களைத்தான் கேட்கிறேன், என்னவென்று எழுதிக் கொடுத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா?

இன்னொன்றும் உண்டு. பையனைக் குழுமத்தின் முன் முதன்முதலாக நிறுத்திய 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை கொடுத்தாக வேண்டும். அந்த அறிக்கை உங்கள் லைன் வீட்டைப் பற்றியது. பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு சுற்றுகிறான், வீட்டில் குடி உண்டா, அடி உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்கள். பள்ளியிலும் விசாரிப்பார்கள்: "அப்பாவுக்குத் தகவல் சொன்னீர்களா? வந்தாரா?" சனிக்கிழமைக் கதை அங்கே எடுபடாது.

சட்டம் நம்மைப் பார்த்துக் கேட்பது சுற்றிச் சுற்றி இந்த ஒன்றைத்தான். உங்கள் பையன் நல்லவனா கெட்டவனா என்பதை விட, உங்களுக்குத் தெரிந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் அதற்கு வேண்டும். பையனுக்கு வண்டி கொடுக்கிறோமே, அந்தச் சட்டத்தைப் பாருங்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி; மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருடத்துக்கு வண்டியின் பதிவு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. தப்பிக்க வேண்டுமானால், எனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டியதையெல்லாம் செய்தேன் என்றோ நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் இன்ஜினியர்கள் இறந்தபோது, பையனுக்கு முதலில் 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கிடைத்தது. அதைச் சொல்லிச் சிரித்தோம். அப்பாவை போலீஸ் பிடித்துக்கொண்டு போனதை மறந்துவிட்டோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்போர்டு என்ற ஊர்ப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயதுப் பையன் சுட்டதில் நாலு மாணவர்கள் செத்தார்கள். துப்பாக்கி, அப்பா நாலு நாள் முன்பு பையனுக்கென்று வாங்கிக் கொடுத்தது. அன்று காலையில் பையன் கணக்குப் பாடத் தாளில் துப்பாக்கியும் ரத்தமுமாகக் கிறுக்கி வைத்திருந்ததை ஆசிரியர் பார்த்துவிட்டார். பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வந்தார்கள், நம்மைவிட ஒருபடி மேல். கவுன்சிலிங்குக்குக் கூட்டிப் போங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் பையனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. 2024இல் தாயும் தகப்பனும் தனித்தனி விசாரணையில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆளுக்கு 10 முதல் 15 வருடம் சிறை. அவர்கள் யாரையும் சுடவில்லை. வேலைக்குத் திரும்பிப் போனார்கள்.

துப்பாக்கி அமெரிக்காவில்தானே என்கிறீர்களா? 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் 8ஆம் வகுப்புப் பையன் ஒருவன் பையில் அரிவாளை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். பென்சில் தகராறு என்றார்கள். சக மாணவனை வெட்டினான், தடுக்க ஓடிவந்த ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. 2012 பிப்ரவரியில் சென்னையில் 9ஆம் வகுப்புப் பையன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். அப்போது சொல்லப்பட்ட காரணம், அவர் டைரியில் பெற்றோருக்கு எழுதிய குறிப்புகள். டைரி நமக்கு எழுதப்படுகிறது. நாம் கையெழுத்துக்கு மட்டும் திறக்கிறோம்.

செக்கிங்கில் இருக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுகிறீர்கள். ஒரு பிசிறு விட்டால் பையர் பீஸைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்ற பயம். பையன் விரல் முட்டியில் தோல் உரிந்திருப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? புதிதாக ஒரு மொபைல் எங்கிருந்து வந்தது, பிசிறு வெட்டும் கத்தரி டப்பாவில் ஒன்று ஏன் குறைகிறது, ஸ்டேட்டஸில் ஏன் அரிவாள் படம் வைக்கிறான்? "எம்பையன் அப்படியெல்லாம் பண்ண மாட்டான்" என்பதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று சொன்னது. அந்தக் கயிறு பல பையன்களுக்கு வீட்டிலேயே கட்டிவிடப்படுகிறது. தெற்கத்திப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம் என்பதால், இதெல்லாம் அவர்களோடு வந்த வியாதி என்று நம்ம ஊர்க்காரர்கள் சிலர் சொல்வார்கள்.

அவர்கள் அவிநாசி தாலுகாவின் திருமலைக்கவுண்டம்பாளையத்தை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2018 ஜூலையில் அங்கிருந்த அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்மணியை, எங்கள் பிள்ளைகளுக்கு இவர் சமைக்கக் கூடாது என்று பள்ளி வாசலில் நின்று தடுத்தவர்கள் மாணவர்கள் இல்லை. அவர்களைப் பெற்றவர்களும் ஊர்க்காரர்களும்தான். 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு வருடச் சிறை விதித்தது. ஏழு வருடம் இழுத்த கேஸ். அன்று மதியம் தட்டோடு வரிசையில் நின்று அம்மா அப்பாவின் சத்தத்தைக் கேட்ட பிள்ளைகள் இப்போது வாலிப வயதில் இருப்பார்கள். பள்ளி வன்முறை மாணவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது என்று நம் மாவட்டத்தில் நின்றுகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் இங்கேயும் பெற்றவர்களை ஜெயிலில் போடச் சட்டம் வேண்டுமா? வேண்டாம் என்பேன். அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் மாட்டுவது டெய்லரும் கைமடியும். வக்கீல் வைக்க வசதியுள்ளவர் வெளியே வந்துவிடுவார். அபராதமும் பத்திரமும் இப்போதே ஏட்டில் இருக்கின்றன. அதை ஒழுங்காகச் செய்தாலே நமக்குப் போதும். ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. வேலூர் பக்கம் மாணவர்கள் பெஞ்சை உடைத்த வீடியோக்கள் பரவிய 2022இல், பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்தினால் பெற்றோரே பொறுப்பு என்று கல்வித் துறை சொல்லிவிட்டது. கல்லூரியில் சேர்த்தால் ராகிங் செய்ய மாட்டான் என்று பெற்றவரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்பது 2009இலிருந்து யுஜிசி விதி. பெஞ்சுக்குப் பொறுப்பு நாம், கல்லூரிக்குப் பொறுப்பு நாம். நடுவில் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் பல்லுக்கு மட்டும் பொறுப்பு ஹெட்மாஸ்டரா? ஆசிரியர் கை ஓங்கினால் சட்டம் அவரைப் பிடிக்கிறது, சரிதான், பிடிக்கத்தான் வேண்டும். எட்டாம் வகுப்பு வரைக்கும் பையனைப் பள்ளியை விட்டு அனுப்பவும் முடியாது. அவர் கையில் மிச்சமிருப்பது நம் போன் நம்பர் ஒன்றுதான். அதையும் எடுப்பதில்லை.

கம்பெனி வைத்திருக்கும் முதலாளிகளும் பெற்றோர்தான் என்பதால் அவர்களுக்கும் சேர்த்து: பள்ளியிலிருந்து கூப்பிட்டால் ஒரு மணி நேரம் பெர்மிஷன், சம்பளம் பிடிக்காமல். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் ஒட்டிவைக்கும் நோட்டீஸ்களோடு இதையும் ஒட்டிவிடுங்கள். நமக்கும் ஒன்று: அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு வருவது வழக்கமான அதே நாலு முகம்.

கடைசியாக, அடிபட்ட பையனின் வீடு. முதல் நாளே போங்கள், உங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு. கவுன்சிலரையும் சாதிச் சங்கத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அதற்குப் பெயர் நலம் விசாரிப்பு இல்லை, மிரட்டல். வர வேண்டாம் என்றால் வாசலோடு திரும்புங்கள். உட்காரச் சொன்னால் ஆஸ்பத்திரி பில்லைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாய் கத்துவார், கத்தட்டும். பணத்தை ஒரு கையிலும் "கேஸ் வேண்டாம்னு எழுதிக் கொடுங்க" என்ற பேப்பரை இன்னொரு கையிலும் நீட்டாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான கேஸ் என்றால் காம்ப்ரமைஸ் பேசி முடிக்கவும் வராது. அவர்கள் புகார் கொடுத்தால் அது அவர்கள் உரிமை. குழுமத்தின் முன் உங்கள் பையன் நிற்கும் நாளில் பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்தான். அன்றைக்கும் கான்ட்ராக்டரிடம் லீவு சொல்லித்தான் ஆக வேண்டும்.