ரண சிகிச்சைக்குப் பிறகு

தேகப் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்யப்படும் ரண சிகிச்சையைப் பற்றி நமது ராஜ்யத்தில் 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பெரிய வாதம் ஒன்று கிளம்பிற்று. புதுச்சேரியிலிருந்து இந்தச் சிகிச்சைக்கென்று சென்னையின் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சென்ற வாலிபர் உயிருடன் திரும்பவில்லை. சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட்டனர். பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. ஆஸ்பத்திரியில் போதிய வசதி இருந்ததா, மயக்க மருந்து கொடுத்தவர் தகுதியுள்ளவரா என்ற கேள்விகள் நியாயமானவையே. ஆனால் வாதம் முழுவதும் ஆபரேஷன் மேஜையைச் சுற்றியே நின்றுவிட்டது. பிழைத்து வீடு திரும்புகிறவர்களே மிகப் பெரும்பான்மையோர். அவர்கள் பிறகு எவ்விதம் வாழ்கிறார்கள் என்று கேட்பார் இல்லை. அவர்களைக் குறித்தே இன்று எழுதப் புகுகிறோம்.

ராஜீய விவகாரங்களுக்கு உரிய இந்தப் பத்தியில் வயிற்றைப் பற்றிய பேச்சு எதற்கென்று நேயர்கள் சிலர் புருவத்தை நெரிக்கலாம். இது செல்வந்தர்களின் வியாதி, நமக்கென்ன என்று நினைப்பவர்களும் உண்டு. 2015–16இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கில், தமிழ்நாட்டு ஸ்திரீகளில் 100க்கு 30.9 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்களாகக் காணப்பட்டனர். 2019–21 கணக்கில் அது 40.4 ஆயிற்று. புருஷர்களில் 28.2 என்பது 37.0 ஆயிற்று. பத்துப் பேரில் நால்வருக்கு உள்ள உபத்திரவத்தைச் செல்வந்தர்களின் வியாதி என்று ஒதுக்குவதற்கில்லை. பட்டினியைப் பற்றியே பேசிப் பழகிய நாம், பட்டினி தீராத நாட்டிலேயே இந்த நேர் எதிரான துன்பமும் வந்து உட்கார்ந்திருப்பதை இன்னும் சரியாக உணரவில்லை.

இந்தச் சிகிச்சையை வீண் அலங்காரம் என்று சொல்ல மாட்டோம். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவுகள் 2007இல் வெளியாயின. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம், செய்துகொள்ளாத ஒத்த எடையினரைக் காட்டிலும் நூற்றுக்கு 29 பங்கு குறைந்திருந்தது. பலருக்கு நீரிழிவு தணிந்துவிடுகிறது. தற்காலத்தில் அதிகமாகச் செய்யப்படும் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக்கி விடுகிறார்கள். மற்றொரு முறையில் சுமார் 30 மில்லிலிட்டர் மட்டும் பிடிக்கக்கூடிய சிறு பை ஒன்றை உண்டாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். 2011இல் ஸ்ரீ நிதின் கட்கரியும், 2014இல் மத்திய மந்திரியாயிருந்த ஸ்ரீ அருண் ஜேட்லியும் இத்தகைய சிகிச்சை செய்துகொண்டது ஊரறிந்த விஷயம். பொது வாழ்வில் உள்ளவர்கள் இதை மறைக்காமலிருந்தது நல்லதே. ஏனெனில், சாதாரணக் குடும்பங்களில் இதைக் களவைப் போல் மறைக்கிறார்கள்.

அந்த மறைப்பிலிருந்துதான் கஷ்டம் ஆரம்பமாகிறது. ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் நீர் ஆகாரமும் குழைந்த ஆகாரமுமே உள்ளே போகும். ஒரு கரண்டி அதிகமானால் நெஞ்சடைத்து வாந்தி வரும். "ஏன் இந்த வேலையைச் செய்துகொண்டோம்" என்ற பச்சாதாபம் அந்நாட்களில் வராதவர்கள் சிலரே என்று சொல்லலாம். துக்கம் வந்தாலும், சந்தோஷம் வந்தாலும், ஆபீஸில் மேலதிகாரி திட்டினாலும் சாப்பாட்டில் ஆறுதல் தேடிப் பழகியவருக்கு, அந்த ஒரே சிநேகிதனை இழந்தது போன்ற வெறுமை உண்டாகிறது. மூன்றாவது மாதத்திலிருந்து தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. பெரும்பாலும் அது மீண்டும் முளைக்கும். ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் சீப்பைப் பார்க்கும்போதெல்லாம் பீதி. எடை வேகமாக இறங்குகையில் தோல் அவ்வளவு வேகமாகச் சுருங்குவதில்லை. வயிற்றிலும் கைகளிலும் தொடைகளிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. கண்ணாடியின் முன் நிற்கும் மனிதர் முப்பது கிலோ இழந்திருப்பார். அவர் கண்ணுக்கு மட்டும் பழைய உருவமே தெரியும். வாசற்படியில் பழைய பழக்கத்தால் பக்கவாட்டில் திரும்பி நுழைவார். தேகம் ஒரு வருஷத்தில் மாறிவிடுகிறது. மனம் அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது.

தேவிபட்டினம் போன்ற ஊரில் இந்தத் துன்பம் இரட்டிப்பாகும். இங்கே கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தைத் தரிசிக்க வரும் ஆண்கள் மேலாடையைக் களைந்து கடலில் முழுகுகிறார்கள். தோல் மடிந்து தொங்கும் தேகத்தை அத்தனை பேர் நடுவில் காட்ட விரும்பாதவர் முன்னோர் கடனையே தள்ளிப் போட்டால் ஆச்சரியமென்ன? கலியாண வீட்டுப் பந்தியில் "இன்னும் ஒரு கரண்டி" என்று இலையில் போடுவதே நமக்கு அன்பு. போதும் என்று இலையை மூடினால் வீட்டார் முகம் சுருங்கும். இஸ்லாமியச் சகோதரர்கள் நிறைந்த இவ்வூரில் ரம்ஜான் மாத நோன்புக் கஞ்சியும் விருந்துப் பிரியாணியும் அவ்விதமே உறவின் அடையாளங்கள். சிகிச்சைக்குப் பின் முதல் வருஷத்தில் நீடித்த நோன்பு வேண்டாமென்பது பல டாக்டர்களின் யோசனை. நோயாளிக்கு அவர்கள் மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது. என்றாலும் காரணத்தை வெளியில் சொல்லாதவருக்கு அந்த விலக்கு பயன்படுமா? ஊர் வாய் என்ன சொல்லும் என்ற அச்சமே முன்னால் வந்து நிற்கும்.

நமது ஜனங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. பருத்திருந்தவரைப் பரிகாசம் செய்த அதே வாய், அவர் இளைத்ததும் "என்ன, சர்க்கரையா? டி.பி.யா?" என்று விசாரிக்கும். நாலு பேர் அனுதாபத்தோடு பார்ப்பார்கள். ஐந்தாமவர் வேறு ஏதாவது கொடிய நோயென்று கிசுகிசுப்பார். நேற்று வரை ஏறெடுத்துப் பாராதவர்கள் இன்று நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால், அதில் சந்தோஷத்தோடு கோபமும் வருமென்பதை யாரும் எண்ணுவதில்லை. நானே அன்றும், நானே இன்றும். மரியாதை மட்டும் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை.

குடும்பத்துக்குள்ளும் நிலை குலைகிறது. 2018இல் வெளியான ஸ்வீடன் ஆராய்ச்சியில், சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே விவாகரத்தும் பிரிவும் அதிகமாயின. தனியே இருந்தவர்கள் புதிதாகத் துணை தேடிக்கொண்டதும் அதிகமாயிற்று. அங்கே விவாகரத்து நடக்கிறது. இங்கே அதே மனஸ்தாபம் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நமது பெண்களின் விஷயம் அதனினும் கொடியது. "எடை குறைந்தால்தான் வரன் கூடும்" என்று பெற்றோர் மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் கூடாதென்பது வைத்திய விதி; தாயின் சத்தே போதாத காலத்தில் சிசுவுக்கு எங்கிருந்து கொடுப்பது? எடை குறைந்ததும் கருத்தரிக்கும் சக்தியோ பலருக்கு விரைவில் கூடுகிறது. மாதவிடாய் ஒழுங்கற்றிருந்த பெண்களுக்கு விசேஷமாக அப்படி. சிகிச்சையைப் புகுந்த வீட்டாருக்குச் சொல்லாமல் ஆறு மாதத்தில் மாலை மாற்றிவிட்டு, அடுத்த மாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கும் மாமியாருக்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? மறைத்து முடித்த கலியாணத்தின் பாரம் முழுவதும் அவள் தலைமேல்.

மதுவின் அபாயத்தையும் சொல்லாமலிருக்க முடியாது. குடலை மாற்றி இணைக்கும் முறைக்குப் பின் மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. முன்பு சாப்பாட்டில் தேடிய ஆறுதலைச் சிலர் புட்டியில் தேடத் தொடங்குகிறார்கள். 2012இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், மதுவினால் உபாதைப்படுவோர் சிகிச்சைக்கு முன் நூற்றுக்கு 7.6 ஆயிருந்தது, இரண்டாம் வருஷத்தில் 9.6 ஆயிற்று. 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து மது விற்றுவரும் ராஜ்யத்தில் இதைக் கவலையோடு கவனிக்க வேண்டாமா? கனடாவின் ஒன்டேரியோ மாகாணத்தில் 2016இல் வெளியான ஆராய்ச்சியோ, தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள், ஆபரேஷனுக்கு முந்திய மூன்று வருஷங்களைவிடப் பிந்திய மூன்று வருஷங்களில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானதைக் காட்டிற்று. எண்ணிக்கையில் அவர்கள் சிலரே. அந்தச் சம்பவங்களில் மிகப் பெரும்பாலானவை முன்னரே மனோவியாதி கண்டிருந்தவர்களிடம் நேர்ந்தன. கத்தியை எடுப்பதற்கு முன்பே மனத்தையும் பரீட்சித்துப் பார்த்து, பின்பும் தொடர்ந்து கவனிக்க வேண்டுமென்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 2019இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தது. டாக்டரின் யோசனை வேண்டும். வைத்திய நெறிகளின் ஆதரவு வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். தேகப் பருமன் எண் 40 அல்லது, கடும் உபாதைகள் கூடியிருந்து மற்ற வழிகளும் பலிக்காதபோது, 35 இருக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இது முறையே 109 கிலோ, 95 கிலோ ஆகிறது. இந்த அளவு மேல்நாட்டுத் தேகங்களைப் பார்த்து வகுத்தது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், ஆசியருக்கு 27.5இலிருந்தே இச்சிகிச்சையை யோசிக்கலாமென்று 2022இல் சர்வதேச ரண வைத்திய சங்கங்களே சொல்லிவிட்டன. நாம் அந்த அளவுக்கு எல்லோரையும் மேஜையில் ஏற்றச் சொல்லவில்லை. நமது கவலை வேறு: அந்த நான்கு நிபந்தனைகளில் மனம் என்ற சொல்லே இல்லை. 2020இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பொதுப் பாலிசியில் ஆஸ்பத்திரியை விட்ட பின் 60 நாள் செலவே கிடைக்கும். வைட்டமின் பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளோ ஆயுள் பரியந்தம் வேண்டும். தலைமயிர் உதிர ஆரம்பிக்கும் தறுவாயில் பாலிசி கை கழுவி விடுகிறது! 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தேக வியாதிக்கு உள்ளபடியே மனோவியாதிக்கும் இன்ஷூரன்ஸ் வகை செய்ய வேண்டுமென்கிறது. அந்தப் பிரிவை ஆதாரமாகக் கொண்டு வாதாட இடமிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

நமது ஜில்லாவின் நிலைமையைச் சிறிது யோசிக்க வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ ஆபரேஷன் செய்துகொண்டு கரையோரக் கிராமத்துக்குத் திரும்பும் ஒருவர் இரண்டாம் மாதத்தில் விடாமல் வாந்தியெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கிளினிக்கில் உடனே குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயமின் என்ற பி1 சத்து வற்றியிருக்கும் தேகத்தில், அந்தச் சத்தை ஊசியாகக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பழுதடையக் கூடும். தள்ளாட்டமும் சித்தக் கலக்கமும் வந்து நிரந்தரமாகவும் நின்றுவிடலாம். நோயாளி ஆபரேஷனை மறைத்தால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஒரு சிறு அட்டையில் என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, என்ன ஜாக்கிரதை என்று தமிழில் எழுதி ஒவ்வொருவரிடமும் கொடுப்பதற்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய செலவு ஆகாது.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கரையோரத்தாருக்கு அதிர்ஷ்டம். தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டிய அவர்களுக்கு எலும்பில்லாத மீனைவிடச் சுலபமான ஆகாரம் ஏது? நமது வழக்கத்தைத்தான் தலைகீழாக்க வேண்டும். மீனும் முட்டையும் பருப்பும் முதலில். சோறு கடைசியில், இடமிருந்தால். சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீரும் ரசமும் மோரும் கூடா. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். குடலை இணைத்தவர்களுக்குப் பாயசம் அரைத் தம்ளர் போதும், நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்ட. இதையெல்லாம் நோயாளிக்குச் சொன்னால் போதாது. வீட்டில் உலை வைக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை கொடுப்பதற்கு ஏற்பாடாயிற்று. சத்து மாத்திரைகளையும் வருஷாந்திர ரத்தப் பரிசோதனையையும் அதனுடன் சேர்ப்பது அசாத்தியமான காரியமல்ல. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு சர்க்கார் வைத்தியக் கல்லூரி வந்தது. அங்கே மாதம் ஒரு மாலை ரண வைத்தியர், மனோவைத்தியர், ஆகார நிபுணர் மூவரும் ஒரே அறையில் அமர்ந்து, எந்த ஊரில் ஆபரேஷன் நடந்திருந்தாலும் நமது ஜில்லாவாசிகளைப் பார்க்க வேண்டும். அவ்வறையில் நோயாளிகள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசுவதே பாதி மருந்து. மனம் பொறுக்க முடியாத இரவுகளுக்கு 14416 என்ற டெலிபோன் எண்ணில் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் ஏற்பட்டது. ஆனால் எத்தனை கிராமங்களில் அந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்? பொதுஜன ஊழியர்கள் முதலில் அதையாவது பஞ்சாயத்துச் சுவர்களில் எழுதச் செய்யட்டும். சட்டசபை அங்கத்தினர்கள் வரும் மானியக் கோரிக்கையின்போது மற்றவற்றைக் கேட்கட்டும்; சுகாதார மந்திரி என்ன பதில் சொல்கிறார் என்பதை இப்பத்தியில் வெளியிடுவோம்.