கைதட்டலுக்கு எந்தச் சுருதி?

வேகம் என்ன? சுருதி என்ன? உணர்வு என்ன? ஓர் இசையைக் கேட்கவைத்துவிட்டு இந்த மூன்று கோட்டையும் நிரப்பச் சொல்கிறார்கள். வேகமென்றால் மகிழ்ச்சி, மெதுவாகப் போனால் சோகம் என்று பாடமாக்கவும் வைக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்கிறோம்: இது இசைக் கல்வியா?

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1972 இல் எழுதிய 'க்ளெப்பிங் மியூசிக்'கை எடுங்கள். இரண்டு பேர், நான்கு கைகள், அவ்வளவுதான். மூன்று தட்டு, ஓர் இடைவெளி; இரண்டு தட்டு, இடைவெளி; ஒரு தட்டு, இடைவெளி; திரும்ப இரண்டு தட்டு, இடைவெளி. மொத்தம் 12 எண்ணிக்கை. ஒருவர் கடைசிவரை இதையே தட்டுவார். மற்றவர் சில தடவைகள் சேர்ந்து தட்டிவிட்டு, அதே வரிசையை ஓர் எண்ணிக்கை தள்ளிப் பிடிப்பார். பிறகு இன்னொன்று தள்ளுவார். 12 தடவை தள்ளியதும் இருவரும் மீண்டும் ஒன்றாகிவிடுவார்கள்.

இதில் சுருதியே கிடையாது. வேகம் விரைவுதான், ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை மாறுவதில்லை. அப்படியிருந்தும் உணர்வு மாறிக்கொண்டே போகிறது: இணக்கம், குழப்பம், இழுபறி, கடைசியில் நிம்மதி. அதைத் தருவது அந்தத் தள்ளல்தான்.

ஆகவே, 'சுருதி இல்லை' என்று எழுதும் பிள்ளைக்குப் பிழை போடாதீர்கள். சரியாகக் கேட்டது அந்தப் பிள்ளைதான். வாத்தியம் வாங்கக் காசில்லை என்ற சாட்டும் இங்கே எடுபடாது. இரண்டு பிள்ளைகளை எழுப்பித் தட்டவிடுங்கள். மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு கேள்வி கேளுங்கள்.

பெற்றோரே, பாடமாக்கிய பதிலுக்குப் புள்ளி கிடைக்கும். காது கிடைக்காது.