சிரப் பாட்டில்ல ஒரு 'எக்ஸ்' இருக்கு

1/ "எக்ஸ் கண்டுபிடின்னு ஸ்கூல்ல உயிரை வாங்கினாங்களே, எங்கயாவது உதவுச்சா?"ன்னு கேக்கறவங்களுக்கு இந்த த்ரெட். உதவும். உங்க வீட்டு பாராசிட்டமால் பாட்டிலை எடுத்துப் பாருங்க.

2/ காய்ச்சலுக்கு ஒரு வேளை அளவு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. இது மாறாது. மாறுறது பாட்டில். 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கிற சிரப் உண்டு, 250 மி.கி. இருக்கிறதும் உண்டு. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. மூணுமே பாராசிட்டமால்தான்.

3/ கொடுக்க வேண்டியது எக்ஸ் மி.லி.
125 சிரப்: மி.லி.க்கு 25 மி.கி. 25 × எக்ஸ் = 150. எக்ஸ் = 6.
250 சிரப்: 50 × எக்ஸ் = 150. எக்ஸ் = 3.
சொட்டு: 100 × எக்ஸ் = 150. எக்ஸ் = 1.5.
ஆறாம் வகுப்புக் கணக்கு, அவ்வளவுதான்.

4/ "போன தடவை 6 மி.லி. சொன்னாங்க"ன்னு அதே 6 மி.லி.யை சொட்டு மருந்தில் கொடுத்தா 600 மி.கி. நாலு மடங்கு! ஒரு நாள் முழுக்க கொடுக்கிற மொத்த அளவு ஒரே வேளையில போயிடும். இதுவே தொடர்ந்தா கல்லீரல் தாங்காது. மாத்தி, 125 சிரப்பில் 1.5 மி.லி. கொடுத்தா 37.5 மி.கி.தான். காய்ச்சல் இறங்காது, "மருந்து கேக்கல, ஊசி போடுங்க"ன்னு அலைவோம்.

5/ பெரியவங்களுக்கும் இதே கணக்கு உண்டு. இன்சுலின் மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட்னு ரெண்டு வகையில் வருது. 40-க்கான சிரிஞ்சில் (சிவப்பு மூடி) 20 கோடு வரை இழுத்தா அரை மி.லி. உள்ளே 100 யூனிட் மருந்து இருந்தா ஏறுறது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும்.

6/ "நம்ம ஜனங்களுக்குக் கணக்கு வராது"ன்னு சொன்னா ஒத்துக்கமாட்டேன். புன்னக்காயல்ல மீன் விக்கற அக்காகிட்ட, கிலோ 480 ரூபா சீலா 300 ரூபாய்க்கு எவ்வளவுன்னு கேளுங்க. பேப்பர் பேனா இல்லாம அறுநூத்திச் சொச்சம் கிராம்னு வெட்டிக் கொடுத்துடுவாங்க. சிரப் கணக்கும் இதே விகிதம்தான். மீன்ல தெரிஞ்ச கணக்கு பாட்டில்லயும் இருக்குன்னு யாரும் காட்டித் தரல.

7/ "டாக்டர் சொன்னதைக் கொடுத்தா போதாதா?" போதும், பாட்டில் மாறாத வரை. ராத்திரி 11 மணிக்கு கடையில வேற பாட்டில் கொடுத்தா?
அதனால மூணு விஷயம் வேணும்:
• லேபிள்ல "1 மி.லி.யில் எத்தனை மி.கி."ன்னு தமிழ்ல, பெருசா.
• சீட்டுல "சிரப் 5 மி.லி."ன்னு மட்டும் எழுதாம மி.கி. அளவும். இது எங்க வேலை.
• விகிதப் பாடத்துல ஒரு மருந்து பாட்டில் படம்.

8/ அளவை டாக்டர்தான் சொல்லணும், நீங்களா ஆரம்பிக்காதீங்க. ஆனா பாட்டில் மாறினா லேபிளைப் பாருங்க, பாட்டிலோட வந்த அளவு மூடியிலயே ஊத்துங்க. சமையல் ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேற. சந்தேகமா இருந்தா பாட்டிலைக் கையோட கொண்டாங்க. ஒரு நிமிஷக் கணக்கு, சேர்ந்தே போட்டுடலாம்.