அழுவதற்கும் ஓர் அறை வேண்டும்



"இப்போது மனநல ஆலோசனைகூட இணையத்தில் கிடைக்கிறதே, ஐயா! பிறகு ஏன் ஏழைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பில்லை என்று புலம்புகிறீர்கள்?"

அண்மையில் ஒரு கூட்டத்தில் படித்தவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அங்கே நாவை அடக்கிக்கொண்டேன். இங்கே மறுமொழி கூறுகிறேன்.

பத்து பாகாட்டில் நான் கற்பித்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தந்தை இறந்தபின் வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். தாயாருக்குத் தையல் ஆலையில் இரவு வேலை. தாயாரின் இசைவோடு, தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவருடன் காணொளிச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தேன். கட்டணம் இல்லை. மூன்று வாரங்கள் கழிந்தன. "ஆம், இல்லை என்பதற்குமேல் பேச மறுக்கிறாள்" என்றார் ஆலோசகர்.

காரணம் பிறகுதான் புரிந்தது. வீட்டில் இருப்பது ஒரே கூடம். அதில் பாட்டி, தம்பிகள், தொலைக்காட்சி. "அப்பாவப் பத்திப் பேசுனா பாட்டி அழுவாங்க, சார்" என்றாள்.

நான்காம் வாரம் பள்ளியின் பொருளறையைத் துப்புரவு செய்து, என் மடிக்கணினியை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே அமர்ந்தேன். அன்று நாற்பது நிமிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை; கேட்கவும் கூடாது. இத்தனை நாளும் அவளுக்கு இல்லாமற்போனது இணையம் அன்று, ஒரு கதவு!

கருவியாவது எல்லாரிடமும் இருக்கிறதா? 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், கல்வி அமைச்சு பெற்றோரிடம் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரிந்தது. அதே ஆண்டு சபா மாநிலத்துப் பித்தாஸில் ஒரு மாணவி அலைவரிசை தேடி மரத்தின்மேல் ஏறித் தேர்வு எழுதினார். நாடே பாராட்டியது. தேர்வை மரத்தின்மேல் எழுதலாம். மனத்துயரை அங்கிருந்து சொல்ல முடியுமா?

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வுப்படி, 5 முதல் 15 அகவைக்குட்பட்ட ஏறத்தாழ 424,000 பிள்ளைகளுக்கு மனநலச் சிக்கல் உண்டு. 2022 அக்டோபரில் அவ்வமைச்சு 15555 என்ற 'ஹீல்' உதவி எண்ணைத் தொடங்கியது. நல்ல பணி, நான் குறை கூறவில்லை. ஆனால், பத்து வயதுப் பிள்ளை யாருடைய கைப்பேசியில் அழைக்கும்? எந்த மூலையில் நின்று பேசும்? அதே மாதம் இந்தியா தொடங்கிய 14416 'டெலி மானஸ்' சேவையில் தமிழும் ஒரு மொழி. மொழி முகாமையானது, துயரம் தாய்மொழியில்தான் முழுமையாக வெளிப்படும். ஆனால் அந்த மொழியைப் பேசவும் தனியிடம் வேண்டுமே!

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைவு. அங்கெல்லாம் முழுநேர ஆலோசக ஆசிரியரை எதிர்பார்க்க இயலாது. இணையவழி ஆலோசனை மிகவும் தேவைப்படுவதே அங்குதான். ஆகவே என் கோரிக்கைகள் இவை:

1. பள்ளிதோறும் கதவுள்ள ஓர் அறை, ஒரு மடிக்கணினி, பள்ளி நேரத்திலேயே வாரம் ஒரு மணி நேரம்.

2. ஆலோசகர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவராகவும் தமிழ் பேசுபவராகவும் இருத்தல் வேண்டும். நல்லெண்ணம் மட்டும் தகுதியாகாது.

3. பெற்றோரின் எழுத்துவழி இசைவு. பிள்ளை பேசியது ஆசிரியர் அறையில் அரட்டைப் பொருளாகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், திரையை நம்பியிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"என் பிள்ளை என்ன பைத்தியமா?" என்று சினக்கும் பெற்றோர்களே, காய்ச்சலுக்குக் கிளினிக் போவதில் வராத வெட்கம் இதில் மட்டும் ஏன்? ஆசிரியர்களே, யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. மதிப்பெண்ணை மட்டும் எண்ணும் பழக்கம் நம்மைவிட்டு அகன்றதா? பரிசளிப்பு விழாவின் மேடைக்கும் பதாகைக்கும் பணம் திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு, ஓர் அறைக்குக் கதவு போடப் பணமில்லையா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இணையத்தில் இருக்கும் உதவியும் அப்படித்தான், பிள்ளையின் கைக்கு எட்டாதவரை.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக முன்மொழியுங்கள். உங்கள் பள்ளியிலும் ஒரு பொருளறை பூட்டித்தான் கிடக்கும். திறந்து பாருங்கள்!