கொக்குராவை மறைத்த மேகம்



அணுகுண்டு போட்டதால்தான் இரண்டாம் உலகப் போர் முடிந்தது, பல லட்சம் உயிர்கள் தப்பின என்று இன்றும் பலர் வாதிடுகிறார்கள். பள்ளியில் நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது அதை ஏற்க மனம் வரவில்லை.

1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. இடையில் மூன்றே நாள். 9ஆம் தேதி விடிவதற்குள் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டன. சமரசத்துக்கு மாஸ்கோவை நம்பியிருந்த டோக்கியோவுக்கு அது பேரிடி. சரணடைவது பற்றி ஜப்பானின் உயர் போர்க்குழு அன்று காலை விவாதித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது குண்டு விழுந்த செய்தி வந்தது. அந்தக் குண்டுக்கு முதலில் குறிக்கப்பட்ட ஊர் நாகசாகிகூட அல்ல, கொக்குரா. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் திசை மாறியது. எந்த ஊர் சாக வேண்டும் என்பதை மேகம் தீர்மானித்திருக்கிறது! மறுநாளே, தன் உத்தரவின்றி அடுத்த குண்டு கூடாது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் தடுத்தார். அந்தத் தடையை நாகசாகிக்கு முன்பே போட்டிருக்கலாகாதா?

ஜப்பான் ராணுவத்தின் கொடுமைகளை நான் மறைக்கவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஆனால் அதற்கு நாகசாகியின் குழந்தைகள் பொறுப்பல்ல.

குண்டுவீச்சில் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்க்யோவுக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் முதுமையின் விளிம்பில் இருக்கிறார்கள். வரும் ஆகஸ்ட் இதழில் அவர்களுடைய வாக்குமூலங்களைத் தமிழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்