அணையும் மதகும்

மென்பொருள் ஆக்கத்தில் இருவேறு நெறிகள் நிலவுகின்றன. தேவைகளை முன்னரே வரையறுத்து, வடிவமைத்து, எழுதி, சோதித்துப் படிப்படியாக முடிப்பது கட்டமைப்பு முறை. சிறு சிறு பகுதிகளாக ஆக்கி, பயன்படுத்துவோரிடம் காட்டி, அவர்தம் கருத்தறிந்து திருத்திச் செல்வது 'அஜைல்' எனப்படும் நெகிழ்வு முறை. இவற்றுள் எது சிறந்தது என்று மாணவர் வழக்காடுவதுண்டு. எதனை எங்கே கையாள்வது என்பதே பயனுள்ள வினாவாகும்.

திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு இதன் விடை கண்கூடு. முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத் தீவைச் சூழ்ந்து செல்கின்றன. அங்கே 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையை எழுப்பினார். அணை அசையாது நிற்பது. மதகுகளோ நீர்வரவு நோக்கி ஏறியிறங்குவன. 2018 ஆகஸ்டு 22 அன்று கொள்ளிட அணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. தாங்கிய தூண்களே சரிந்தபின் மதகை இயக்கும் திறமையால் ஆவதென்ன?

நெகிழ்வு முறையென்றால் எழுதி வைக்காமலே செய்வது என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. 2001இல் அமெரிக்காவில் 17 வல்லுநர் கூடி வெளியிட்ட அறிக்கை, இயங்கும் மென்பொருளை ஆவணங்களினும் மேலாக மதித்ததேயன்றி, ஆவணங்களை விலக்கவில்லை. மறுபுறம், படிமுறையை 1970இல் வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸ், அதனை அவ்வாறே பின்பற்றுவது இடர் மிக்கது என்று அக்கட்டுரையிலேயே எச்சரித்தார். எனவே இரண்டையும் இணைப்பது இரண்டின் நோக்கத்திற்கும் முரணன்று.

தமிழ்த் துறையினர்க்கு இதிலென்ன தொடர்பு எனலாம். தொண்ணூறுகளில் கணினித் தமிழ் எழுத்துருக்கள் பல விரைந்து தோன்றின. அவ்விரைவால் அச்சுப்பணி எளிதாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டைக் கொண்டமையால், ஒன்றில் தட்டச்சிட்ட கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. அக்கால மலர்களின் கோப்புகளை இன்று திறப்போர், உரிய எழுத்துருவோ மாற்றியோ இன்றி அவற்றைப் படித்தல் அரிது. மதகுகள் பல இருந்தன. பொது அணை இல்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. அதில் ஒருமுறை இடம்பெற்ற எழுத்தின் குறியெண் இனி மாற்றப்படாது என்பது பின்னர் உறுதியான விதியாயிற்று. அவ்வுறுதியின் மீது இன்று எழுத்துருக்களும் விசைப்பலகைச் செயலிகளும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. நாம் எழுதியதற்கோ ஊறு நேர்வதில்லை.

எனவே பின்னர் மாற்றினால் பெருங்கேடு விளையுமாயின், அதனை முன்னரே சிந்தித்து எழுதி உறுதி செய்தல் வேண்டும். மாற்றினால் சிறு செலவே நேருமாயின், அதனை மக்கள் கையில் விரைந்து தந்து திருத்திக் கொள்ளலாம். மருத்துவமனை மென்பொருளில் மருந்தின் அளவைக் கணக்கிடும் பகுதி முதல்வகை. திரையின் அமைப்பு இரண்டாம் வகை. முதல்வகையில் அவசரம் உயிருக்கு ஊறாகும். இரண்டாம் வகையில் அளவிறந்த திட்டமிடல் காலத்தை விழுங்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குக் கணினி அறிவு மட்டும் போதாது. உழவரிடமும் நோயாளரிடமும் அவர்தம் மொழியில் வினவி, கேட்டதை ஐயத்திற்கு இடமின்றி எழுதும் ஆற்றலும் வேண்டும். அவ்வாற்றலைத் தமிழ் மாணவர் தம் பங்காகக் கொண்டு மென்பொருட் குழுக்களில் நுழைய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.